சாமான்கள் இன்னும் கடலில்

சேன் பியேரில், மேட்டுத் தெருவில்,
சாவி வாங்கிய நாளில்
வீட்டில் எங்களைத் தவிர எதுவும் இல்லை.
முன்பு குடியிருந்தவர்கள் பிடுங்க மறந்த
ஓர் ஆணி மட்டும் கூடத்துச் சுவரில்.
அருளப்பன் தன் ஆஸ்பத்திரி அட்டையை
அதில் மாட்டிவிட்டுக் கைகழுவப் போனான்.

நாற்பத்தொரு பெட்டிகள்.
கட்டில், மிக்சி, சுவர்க்கடிகாரம்,
கொலேத்தின் மூன்று சக்கர சைக்கிள்,
நான் இரண்டே முறை கட்டிய பட்டு.
சென்னையில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கி
வேறொரு கப்பலுக்குக் காத்திருக்கின்றன என்றார் ஏஜென்ட்.
பிறகு மொரீஷியஸ் என்றார்.
பிறகு, கொஞ்சம் பொறுங்கள் மேடம்.

கைபேசியில் ஒரு நீலப் புள்ளி.
பல் தேய்க்கும் முன் அதைத்தான் பார்ப்பேன்.
நாங்கள் கரையில்.
வீடு கடலில்.

லிட்சிப் பழம் வந்த அட்டைப்பெட்டி மேசையாயிற்று.
தரையில் மூவருக்கும் ஒரே ஜமுக்காளம்.
வெற்று வீட்டில் சண்டை போட முடியாது,
கிசுகிசுத்தாலும் சுவர் திருப்பிச் சொல்லும்.
'நீதானே சரி என்றாய்.'
'சரி என்றேன். சந்தோஷம் என்று சொன்னேனா?'
சொன்னேனா, என்றது சமையலறை.
குழந்தை தூக்கத்தில் புரண்டாள்.
இருவரும் குளியலறைக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டு மீதிச் சண்டையை முடித்தோம்.

கீழ்வீட்டுக்காரி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
பெயர் வலியாமே என்றாள்,
கடைசி எழுத்தை மேலே தூக்கி.
வள்ளியம்மை என்று என் காதில் விழ
மூன்று நாள் ஆனது.
சொன்னேன். சிரித்தாள்.
அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது,
தெரியாமலே சில சொற்களைச் சாப்பிடுகிறாள்:
கொல்லையில் நிற்பது முருங்
தட்டில் வைப்பது ருகாய்,
முதல் எழுத்தை யாரோ கப்பலில் விட்டுவந்த ஊறுகாய்.
அடிகனத்த மார்மிட் ஒன்றைக் கையில் திணித்தாள்,
உங்கள் பெட்டி வரும்வரை என்று.

பிப்ரவரியில் புயல்.
சிவப்பு எச்சரிக்கை, யாரும் வெளியே வரக் கூடாது.
மார்மிட், வாளி, பால்குவளை
எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துவைத்தோம்.
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்,
நீலப் புள்ளி நகரவில்லை.
ஜன்னல் பலகைகள் இரவெல்லாம் அடித்துக்கொள்ள
எங்கோ நடுக்கடலில்
எங்கள் கட்டில் ஆடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.
தரை ஆடவில்லை.
கொலேத்தின் குதிகால் என் விலாவில்.
ஏனோ நன்றாகத் தூங்கினேன்.

மறுவாரம் பள்ளிவாசலில்
கன்னத்தில் மாம்பழம் அப்பியிருந்த கொலேத்
என் கையை இழுத்தாள்:
'வாம்மா, லா காஸ் போகலாம்.'
எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

பெட்டிகள் வந்தது ஒரு வியாழக்கிழமை.
மிக்சியின் பிளக் இந்தச் சுவருக்குள் நுழையவில்லை.
கட்டில் படுக்கையறைக் கதவில் பாதியில் சிக்கியது.
கூடமெங்கும் தெர்மாக்கோல்.
'இதெல்லாம் யாரோடது?' என்றாள் கொலேத்,
சைக்கிளைச் சுற்றி ஒரு தரம் நடந்து.

செய்தித்தாள் சுற்றிய கடிகாரம்
உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.
ஒன்றரை மணி நேரம் முன்னால்.
அங்கே இந்நேரம் விளக்கு வைத்திருப்பார்கள்.
முள்ளைத் திருப்ப விரலை வைத்தவள்
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.
பிறகு திருப்பினேன்.

'அந்த ஆணியில் மாட்டிவிடு' என்றேன்.
'அது என் அட்டைக்கு' என்றான் அருளப்பன்,
ரொம்ப காலமாய் அப்படித்தான் என்பதுபோல.

இன்னோர் ஆணி வேண்டும், சுத்தியலும்.
வள்ளியம்மையிடம் இருக்கும்.
மார்மிட்டையும் திருப்பித் தர வேண்டும்,
வெறும் பாத்திரமாய்க் கொடுக்கக் கூடாது.
அவள் மரத்து முருங்கைக்கீரையே,
என் தாளிப்பில்.
சூடு கையைச் சுட
முந்தானையால் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.